நாலு விரல் கீழே, ஒரு விரல் வெளியே

அன்று காலையில் முதலாவதாக வந்த ஆளே மர்ளியாவுக்குச் சரிவரவில்லை.

சூசைப்பிள்ளை கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, நாற்பது வருடம் கரைவலை இழுத்து இரண்டு முழங்காலும் தேய்ந்த மனிதர். காலை வெள்ளைத் துணி மூடியிருந்தது. துணியில் வெட்டிய சதுர ஓட்டைக்குள் நீல மையில் இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிந்தன. மர்ளியா அழுத்தமானியின் ரப்பர் முனையை முதல் புள்ளியில் வைத்தாள்.

"ஐயா, அமுக்கிறது நோவா மாறின உடனே 'போதும்' எண்டு சொல்லணும். தாங்கிக்கொண்டு கிடக்கக் கூடாது. விளங்குதா?"

"ஓம் மிஸ்."

மூன்று கிலோ. நாலு. ஐந்து. ஆறு. மனிதர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஏழில் மர்ளியா கையை எடுத்துவிட்டாள்.

"நோகேல்லையா?"

"நோகுதுதான்."

"எப்ப தொட்டு?"

"வைச்ச நேரம் தொட்டு."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"நீங்க பாவம், மினக்கெட்டு அமுக்கிறீங்க. இடையில நிப்பாட்டுங்க எண்டு சொல்றது மரியாதை இல்லையே மிஸ்."

இந்த அளவு கணக்கில் சேராது என்று மர்ளியா படிவத்தில் ஒரு கோடு போட்டாள். இந்த மாதத்தில் அப்படிப் போட்ட ஆறாவது கோடு அது. முந்தலில் இருந்து வந்த ஒரு பெண் முனை தொடுமுன்பே "போதும்" என்றாள். இன்னொருத்தி மைத்துனியைக் கூட்டிவந்து, நோகுதா இல்லையா என்று அவளிடம் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னாள்.

கடல் நீர் புகுந்த களப்பை ஒட்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மர்ளியா பிசியோதெரபிஸ்ட். கரைத்தீவில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். மேற்படிப்புக்காக அவள் எடுத்துக்கொண்ட கேள்வி சொல்வதற்கு மிகச் சின்னது. அக்குபங்சர் புள்ளி என்று சொல்லும் இடம், பக்கத்தில் இருக்கும் வெறும் தோலைவிட உண்மையிலேயே கூடுதலாக நோகுமா? உலகத்தில் இதைப் பலர் அளந்துவிட்டார்கள். கூடுதலாக நோகும் என்று சிலர், வித்தியாசமே இல்லை என்று சிலர், ஆளுக்கு ஆள் மாறும் என்று மற்றவர்கள். அவள் வாசித்த கட்டுரைகளில் இரண்டு ஒத்துப்போவதைக் காண்பது அரிதாக இருந்தது.

அதனால்தான் ஒழுங்குகளை அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அங்கே அக்குபங்சர் ஊசி போடும் டொக்டர் கில்பட் இருப்பார். முழங்காலுக்கு நாலு விரல் கீழே, எலும்பு விளிம்புக்கு ஒரு விரல் வெளியே, நோயாளியின் சொந்த விரல் அகலத்தால் அளந்து உண்மைப் புள்ளியை வைப்பார். பக்கத்தில் ஒரு பொய்ப் புள்ளி. எது எது என்று துண்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். நோயாளிக்கும் தெரியாது, அளக்கிற மர்ளியாவுக்கும் தெரியாது.

பாதி ஆட்கள் முடிந்ததும் உறைகளைப் பிரிப்பது என்பது ஏற்பாடு. பிரித்தபோது நாற்பத்தொரு பேரில் முப்பத்தேழு பேருக்கு உண்மைப் புள்ளியே கூடுதலாக நொந்திருந்தது.

கொழும்பில் இருந்த மேற்பார்வையாளர், பேராசிரியை அஜித்தா, தொலைபேசியிலேயே கை தட்டினார். "மர்ளியா, இப்பிடித் தெளிவான முடிவை நான் கண்டதே இல்லை!" மறுநாளே ஆய்வுச் சுருக்கம் எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்பியும்விட்டார்.

மர்ளியாவுக்கு அந்தத் தெளிவுதான் உறுத்தியது. மரியாதைக்காக வலியை விழுங்குகிற சனங்களிடம் இருந்து இவ்வளவு சுத்தமான இலக்கங்கள் எப்படி வரும்?

பதிலைச் சொன்னவள் அல்பொன்சா. கற்பிட்டிப் பக்கம் கருவாடு காயப்போடுகிறவள், குந்தியிருந்து குந்தியிருந்தே முழங்காலைத் தொலைத்தவள். இரண்டாம் முறை அளக்க வந்திருந்தாள். மர்ளியா முதல் புள்ளியில் முனையை வைக்கப் போனதும் தலையை ஆட்டினாள்.

"இது இல்ல மிஸ். மற்றதுதான் நோகும்."

"அமுக்க முந்தியே எப்பிடித் தெரியும்?"

"டொக்டர் தேடிப் பிடிச்சாரே! இங்கயா, இங்கயா எண்டு பெருவிரலால ஊண்டி ஊண்டி, நான் 'ஐயோ மாதாவே' எண்ட இடத்திலதானே புள்ளி வைச்சார்."

மர்ளியா அழுத்தமானியை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

கில்பட் கதிரையில் உட்கார்ந்து அடுத்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஊசி குத்திய கை. அவரிடம் வைத்தியம் பார்ப்பதற்கென்றே எலுவன்குளத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் உண்டு.

"டொக்டர், புள்ளி எங்க வைக்கணும் எண்டு எழுதியிருக்கு?"

"நாலு விரல் கீழ, ஒரு விரல் வெளிய."

"அப்ப பெருவிரலால எதுக்குத் தேடுறீங்க?"

"மகள், புத்தகம் வீட்டுக்குப் போற ஒழுங்கையை மட்டும்தான் காட்டும். உள்ளுக்குப் போனா வீட்டுக் கதவைத் தட்டித்தானே பார்க்கணும்?"

"நோகிற இடத்தைத் தேடிப் பிடிச்சு நீங்க புள்ளி வைக்கிறீங்க. பிறகு அந்தப் புள்ளி நோகுதா எண்டு நான் அளக்கிறன். நோகாம வேற என்ன செய்யும்? அதுவும் நீங்க ஊண்டி அஞ்சு நிமிசம்கூட ஆகேல்ல!"

"நோகுதுதானே? அதைத்தானே நீங்க காட்ட வந்தது?"

மர்ளியா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். நாற்பத்தொரு பேர். நாலு மாதம். மனிதரின் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. கள்ளம் செய்தவர் என்றால் கோபித்துக்கொள்ளலாம். இவர் உதவி செய்திருக்கிறார்.

மத்தியானம் பேராசிரியைக்கு அழைத்துச் சொன்னாள்.

"குறைபாடுகள் எண்ட பகுதியில ஒரு வரி எழுதிவிடுவம்," என்றார் அஜித்தா.

"மிஸ், இது குறைபாடு இல்ல. முழுக்கவே இதுதான். நாங்க புள்ளியை அளக்கேல்ல, டொக்டர்ட பெருவிரலை அளந்திருக்கிறம்."

"சுருக்கம் அனுப்பியாச்சு மர்ளியா."

"திருப்பி எடுக்கணும்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. சிக்னல் போனதா, அவர் வைத்தாரா என்று மர்ளியாவுக்குத் தெரியவில்லை. அவள் திரும்ப அழைக்கவுமில்லை. அன்று பின்னேரமே, சுருக்கத்தில் தன் பெயரும் இருப்பதால் அதைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதி, பேராசிரியைக்கு அனுப்பினாள்.

கில்பட் ஒத்துக்கொள்வதாக இல்லை. "என்ட விரல் பிழை சொல்லாது," என்று நின்றார். சரி, அதையே பார்ப்போம் என்றாள் மர்ளியா. ஆறு நோயாளிகள், இரண்டு காலைகள். இரண்டு நாளும் அவர் விரலால் தேடிப் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எலும்பு முனைகளோடு சேர்த்து அந்த இடத்தைத் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் பிரதி எடுத்துவிட்டு, மையைத் துடைத்துவிடுவாள்.

மூன்றாம் நாள் தாள்களைச் சோடி சோடியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கில்பட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மிகக் கிட்ட விழுந்த சோடிக்கு நடுவில் அரை விரல் இடைவெளி. மிகத் தூரம் விழுந்ததில் இரண்டு விரல்.

அவர் ஆறு சோடியையும் பார்த்தார். முதல் சோடியைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"அப்ப முப்பது வருசமா நான் எங்க குத்தினன்?"

மர்ளியா இந்த நேரத்துக்காகத்தான் மூன்று நாள் காத்திருந்தாள். சொல்ல ஒரு கூர்மையான வசனமும் வைத்திருந்தாள். அதைச் சொல்லாமல் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

பதில் சொன்னது வாசலோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அல்பொன்சாதான். "எங்க குத்தினா என்ன டொக்டர், இப்ப என்ட கால் மடங்குது. வந்தபோது மடங்கேல்ல."

"அது வேற கேள்வி," என்றாள் மர்ளியா.

"எனக்கு அந்தக் கேள்விதான் மிஸ்," என்றாள் அல்பொன்சா.

கில்பட் சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு நாள் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஊசிக்கு வந்தவர்கள் மர்ளியாவை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏதோ அவள்தான் அவரை ஆஸ்பத்திரியை விட்டுக் கலைத்து அனுப்பிவிட்டாள் என்று ஊருக்குள் கதை வந்தது. வீட்டில் கணவன் முபாரிஸ்கூட, "வயசான மனுசனை நீ ஏன் அப்பிடிச் செஞ்ச?" என்றான். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் கில்பட் வந்தார். கையில் ஒரு கொப்பித் தாள், அதில் முழங்காலின் படம், மூன்று புள்ளிகள்.

"யோசிச்சுப் பார்த்தன். ஒண்டு புத்தகப் புள்ளி. அதை நேர்ஸ் ஷானிகா அளந்து வைக்கட்டும், நான் தேட மாட்டன். ரெண்டாவது பொய். மூண்டாவது என்ட விரல் சொல்ற இடம். அதை முதல் நாளே பார்த்துத் தாளில எடுத்து வைப்பம். நான் ஊண்டின நோ ராவோட ஆறிடும். மற்ற ரெண்டு இடத்தையும் அதேயளவு ஊண்டி விடுறன். அடுத்த நாள் நீங்க மூண்டையும் அளந்து பாருங்கோ."

மர்ளியா தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தாள். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. இதை நாலு மாதத்துக்கு முன்பே தான் யோசித்திருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சலாக இருந்தது.

"நல்லா இருக்கு டொக்டர்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பேராசிரியை அஜித்தா மூன்று வாரம் பேசவில்லை. பிறகு சுருக்கத்தைத் திருப்பி எடுத்துவிட்டதாக ஒரு வரி வந்தது, கூடவே புது முறைக்கு அனுமதி கேட்கும் படிவம். அனுமதிக்கு ஏழு வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் ஒரு கையொப்பம் பிழையான பெட்டிக்குள் விழுந்ததால் போனது.

புது முறையில் முப்பது பேர் முடிந்தபோது உறைகளைப் பிரித்தார்கள். புத்தகப் புள்ளியும் பொய்ப் புள்ளியும் ஏறக்குறைய ஒன்றாகவே நொந்தன. கில்பட்டின் விரல் காட்டிய இடம் கொஞ்சம் கூடுதலாக நொந்தது. கொஞ்சம்தான். அந்த இடமும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது.

"அப்ப நான் சரியா, பிழையா?" என்று கேட்டார் கில்பட்.

"முப்பது பேரை வைச்சுச் சொல்ல ஏலாது. இன்னும் எழுபது பேர் வேணும்."

"எழுபதா?"

"எழுபது."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்பப் போட்டார். எழுந்து வாசலுக்குப் போய் வாங்கைப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்கோ," என்று சத்தம் போட்டார். "நொந்தா உடனே சொல்லணும், சரியா? மரியாதை பார்க்கக் கூடாது."