ஆணியில் தொங்கிய ரப்பர் திரை

அட்ராக்டா ஊற்றிய தேநீர் பாதி கோப்பையிலும் பாதி மேஜையிலுமாக விழுந்தது. வலது கண் போனதிலிருந்து கோப்பை எங்கே இருக்கிறதென்று அவளுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. கணவன் மலக்கி துணியை எடுத்துத் துடைத்தான். அந்த வீட்டில் இப்போதெல்லாம் பேச்சே குறைந்துபோயிற்று.

அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்து நிலத்தில் புல்லைவிடக் கோரைதான் செழிக்கும். மழை விட்ட ஓரிரு நாளில் டிராக்டரை இறக்கினால்தான் உண்டு. தவறினால் சேற்றில் புதைந்துவிடும். அவள் கண் போன அன்றும் அந்த அவசரத்தில்தான் மலக்கி வெட்டிக்கொண்டிருந்தான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய இயந்திரத்தில், உருளை நிறையத் தொங்கும் இரும்புக் கத்திகள் சுழன்று கோரையை அடித்து நொறுக்கும். கல் அகப்பட்டால் துப்பாக்கிக் குண்டுதான். அது வெளியே பறக்காமலிருக்கப் பின்பக்கம் கனத்த ரப்பர் திரை உண்டு. மலக்கியின் இயந்திரத்தில் அது கிழிந்து, வைக்கோல் கட்டும் கயிற்றால் பேருக்கு முடிந்து கிடந்தது. தேநீர் கொண்டுபோன அட்ராக்டா வயல் கதவருகே நின்று கை காட்டினாள். திரையின் கிழிசல் வழியே ஒரு கல் பறந்து வந்தது. அவ்வளவுதான்.

ஊரே ஆப்பிள் கேக்கோடு வந்து பார்த்தது. பாதிரியார் அவளுக்காகப் பூசை வைத்தார். கெட்ட நேரம், கடவுள் சித்தம் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். மலக்கியும் தலையாட்டினான். அவனுக்கு அழக்கூட வரவில்லை. நெஞ்சு மரத்துப் போயிருந்தது. அட்ராக்டாவோ கடவுள் சித்தம் என்பதை நிஜமாகவே நம்பினாள்.

வெளியே டிராக்டர் வந்து நின்றது. பக்கத்து நிலத்து ஃபின்டன்.

"மலக்கி! வானம் வெளுத்திருக்கு பாரு. உன் மிஷினை இன்னைக்கு ஒரு நாள் குடுப்பா. என் கோரைக்குள்ள மாடு போனா தேடித்தான் பிடிக்கணும்!"

"ஷெட்டுல இருக்கு, எடுத்துக்கோ."

சொன்ன பிறகுதான் மலக்கிக்கு உறைத்தது. எழுந்து ஓடினான். என்ன அவசரமோ என்று அட்ராக்டாவும் பின்னால் வந்தாள்.

"அட, புதுத் திரை ஒண்ணு இங்க ஆணியில தொங்குது!" ஷெட்டுக்குள்ளிருந்து ஃபின்டன் கத்தினான். "கவரைக்கூடப் பிரிக்கல. இதை வெச்சுக்கிட்டா கயித்தைக் கட்டிட்டுத் திரிஞ்ச?" அட்ராக்டாவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எப்ப வாங்கினது?" என்று கேட்டாள் அவள்.

"பனி விட்டதுமே," என்றான் மலக்கி. "நாலு போல்ட்டுதான். மழை வர்றதுக்குள்ள வெட்டிட்டு, அப்புறமா மாட்டலாம்னு..."

"விடு அட்ராக்டா, கடவுள் சித்தம்," என்றபடியே ஃபின்டன் அந்தக் கிழிந்த திரையோடு இயந்திரத்தைத் தன் டிராக்டரில் மாட்டப்போனான். "நான் பாத்து ஓட்டிக்கிறேன்."

அவள் குரல் உயரவே இல்லை.

"கடவுளை இதுல இழுக்காத ஃபின்டன். இதை ஆணியில மாட்டி வெச்சது அவர் இல்ல. 'அப்புறம் பாத்துக்கலாம்'னு நாம விட்டதுக்கு விதின்னு பேர் வெச்சு ஊரே பூசை கேட்டோம். எல்லாரும் இப்படியே சொல்லிட்டிருந்தா அடுத்தவ கண்ணும் போகும். சரி, இன்னைக்கு வயலுக்கு உனக்கு டீ கொண்டு வரப்போறது யாரு? நோலீன்தானே?"

மனைவியின் பேரைக் கேட்டதும் ஃபின்டன் டிராக்டர் இன்ஜினை அணைத்தான்.

மலக்கி திரையை இறக்கி உறையைக் கிழித்தான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அட்ராக்டா ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அது அவன் கைக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. அவன் எட்டி வாங்கிக்கொண்டான்.