பின் இருக்கையின் நீல ஒட்டு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்பு நின்ற காரில் நான்கு பேர் இருந்தார்கள். ஓட்டும் இடத்தில் வேலப்பன். அவருக்கு இடப்புறம், இறந்து இருபது வருடமான அவருடைய அப்பா சொரிமுத்துப் பிள்ளை. லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதால் அவர் ஓட்டவில்லை. பின்னால் வலது ஓரம் அம்மா சொர்ணம்மாள். இடது ஓரம் தங்கை திவ்யலட்சுமி. அவள் ஊடாகக் கதவின் கைப்பிடி தெரிந்தது.

அந்தக் கிரீம் நிற அம்பாசடரைச் சொரிமுத்துப் பிள்ளை 1979இல் வாங்கினார். சாலைக் கடைத்தெருவில் அவருடைய பாத்திரக்கடை நன்றாக நடந்த வருடம் அது. கார் வந்து சில வருடங்கள் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஓர் ஊர்வலம் கரமனைப் பாலத்தை மறித்துவிட, திவ்யலட்சுமி அதன் பின் இருக்கையிலேயே பிறந்தாள். வலி பொறுக்காமல் சொர்ணம்மாள் பிய்த்த சிவப்பு ரெக்சினுக்கு அப்பா தம் கையாலேயே நீல ரெக்சினில் ஒட்டுப் போட்டார். தையல் கோணலாக வந்தது. அவர் போன பிறகு கார் ஷெட்டில் கிடந்தது. வயர்களை எலி தின்றது, அடித்தகட்டை மழை தின்றது.

கனகக்குன்றில் பழைய கார்களின் கண்காட்சி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட வேலப்பன் அதை நேமத்தில் ஷாஜியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துப் போனார். கண்காட்சிக்கு விதி ஒன்றுதான்: கம்பெனியிலிருந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ, வண்டி அப்படியே இருக்க வேண்டும். பழைய மாதிரி ஹாரனைப் பொருத்தியபோது, அது ஒலிக்கும் முன் அப்பாவின் இருமல் கேட்டது. உள் கண்ணாடியை மாட்டியதும் அதில் அவர் கண்கள் வந்தன. முன் இருக்கை தயாரானதும் அவரே வந்து உட்கார்ந்தார், வெள்ளைச் சட்டையும் கறுத்த மீசையுமாக, கார் வாங்கிய வயதில். மகன் தம்மைவிட மூத்திருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. "சேட்டா, இதுக்குத் தனியா சார்ஜ் ஒண்ணும் இல்ல, கேட்டோ," என்றார் ஷாஜி. வேலப்பன் அழுதார். அப்பா இறந்தபோது அவர் துபாயில் இருந்தார். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அதே வாரங்களில் திவ்யலட்சுமி குறையத் தொடங்கினாள். சின்ன வயதில் கதவில் அவள் காம்பஸால் கீறியிருந்த பெயரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்த அன்று, ஆபீசில் பஞ்சிங் மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. "மெஷினுக்குக்கூட என்னைய ஆளாட்டுத் தெரியல்லண்ணா," என்று சிரித்தாள். பின் இருக்கைக்குப் புதுச் சிவப்பு ரெக்சின் போட்ட பிறகு ஈரத் தரையில் அவள் கால் பதியவில்லை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலப்பன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் வேலைதான், முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

இந்த ஊரில் புது வண்டி எடுக்கிறவர்கள் பழவங்காடியில் தேங்காய் உடைத்த பிறகுதான் ஓட்டுவார்கள். வண்டியின் ஆயுள் அங்கேதான் தொடங்குகிறது; அதற்கு முன் நடந்தது எதுவும் அதன் கணக்கில் சேராது. வேலப்பன் பூஜைச் சீட்டில் 'புது வண்டி' என்றே எழுதச் சொல்லியிருந்தார். பூசாரி தட்டோடு வரும்போது, சொரிமுத்துப் பிள்ளை உள் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"பொறத்தால இருக்கப்பட்ட அந்தப் புள்ளை யாருலே? நமக்குச் சொந்தமா?"

சொர்ணம்மாள் மகளின் மடியில் கை வைத்தாள். கை இருக்கையில் போய்ப் பட்டது. "வேலப்பா, நெறவயிறுமாட்டு நான் போன வண்டியாக்கும் இது," என்றாள். "எனக்குப் புது வண்டி வேண்டாம்."

"அப்பா இருந்துக்கிடட்டும்மா," என்றாள் திவ்யலட்சுமி. "அண்ணன் கடைசியா பாக்கவே இல்லல்லா."

வேலப்பன் சாவியைத் திருப்பினார். "எங்கலே போற? தேங்கா ஒடைக்கல்லியே!" என்று கிள்ளிப்பாலம் வரை அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். கரமனைப் பாலத்தில், கிளட்சை மெல்ல விடும்படி சொன்னார். வேலப்பன் மெல்ல விட்டார்.

ஷாஜியின் ஒர்க்‌ஷாப்பில் பழைய சீட் உறையின்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டைகளோடு அதைக் கூடைக்கு மாற்றினார்கள். "கண்காட்சில கிட்டுற சம்மானம் போவும் சேட்டா," என்றார் ஷாஜி. "போட்டும்," என்று வேலப்பன் புது ரெக்சினைத் தாமே உரித்தார். நீல ஒட்டு தன் இடத்துக்கு வந்ததும் பின் இருக்கையின் ஸ்பிரிங் ஓர் ஆள் பாரத்துக்கு அமுங்கியது. முன்னால் அப்பா காலிலிருந்து மேலாகக் கரைந்தார். கடைசியில் கண்ணாடியில் கண்கள் மட்டும் மிஞ்சின. அவை ஒட்டைப் பார்த்தன, பிறகு திவ்யலட்சுமியை.

"தையலு கோணிப் போச்சே, மக்ளே," என்று குரல் வந்தது.

கண்காட்சிக் குழுவுக்கு வேலப்பன் அன்று மாலையே கடிதம் எழுதினார். எங்கள் கார் முதல் நாள் இருந்த நிலையில் இல்லை, வாங்கிய பிறகு வீட்டில் ஓர் ஆள் கூடியிருக்கிறது, ஆகவே எங்கள் பெயரை நீக்கிக்கொள்ளவும். கவரின் விளிம்பில் பசை தடவித் திவ்யலட்சுமி பெருவிரலால் அழுத்தினாள். ரேகை முழுதாகப் பதிந்தது. தபால் பெட்டிக்குக் காரிலேயே போனார்கள். வழியில் ஹாரன் அடித்தபோது முதலில் ஓர் இருமல் கேட்டது. முன்னால் போன ஆட்டோ ஒதுங்கி வழிவிட்டது. திவ்யலட்சுமி இறங்கிப் போய்க் கடிதத்தைப் பெட்டியில் போட்டாள்.