பன்னிரண்டு போத்தல் மண்

சிப்பாய் திறக்கச் சொன்னது ஒரு போத்தலைத்தான். விவேகானந்தன் பன்னிரண்டையும் திறந்தான்.

கண்டியில் குண்டு வெடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கலஹாவிலிருந்து இறங்கிவந்த வான் வண்டியைப் பேராதனைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் ஓரங்கட்டியிருந்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பின் இருக்கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் விரல் நீளக் கண்ணாடிப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் வாய்வரை மண். மீனை ஐஸில் வைத்துக் கொண்டுபோகிறவர்களைத்தான் அந்தச் சிப்பாய் கண்டிருப்பான். மண்ணை ஐஸில் வைத்துக் கொண்டுபோகிறவனை மறிக்காமல் விட்டிருந்தால்தான் அதிசயம்.

அது சாதாரண மண்ணும் இல்லை. கலஹாத் தேயிலைத் தோட்டத்து லொறிகள் நிற்கிற கராஜுக்கு அடியில் பழைய பெற்றோல் தாங்கி ஒன்று புதைந்திருந்தது. அதற்குக் கீழே, சரிவில், லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற சனங்களின் கிணறு. தண்ணீரில் பெற்றோல் வாடை அடிக்கிறது என்று அவர்கள் ஒரு வருடமாகக் கத்தி, கடைசியில் தோட்டத்தை நடத்துகிற துரை பல்லேகலவில் இருந்த ஆய்வுகூடத்துக்குக் கடிதம் எழுதினார். அன்று காலை கறுப்பையா என்ற தோட்டத் தொழிலாளி குழி வெட்ட வெட்ட, ஆய்வுகூடத்திலிருந்து போயிருந்த விவேகானந்தன் முனை வெட்டிய ஊசிக்குழாயால் மண்ணைக் குத்தி எடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் போத்தலில் அடைத்து, காற்றுக்கு இடமில்லாமல் மூடி, ஐஸுக்குள் புதைத்தான். மண்ணில் இருக்கிற பெற்றோல் காற்றுப் பட்டால் பறந்துவிடும், சூடு பட்டால் இன்னும் வேகமாகப் பறக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பவன் அவன்தான்.

அப்படிப்பட்டவன் என்ன செய்தான்? வானின் முன்மூடியில் பத்திரிகைத் தாளை விரித்து, போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினான். முந்திய வருடம் வேலையிடத்துக் கடிதம் கையில் இல்லாத குற்றத்துக்காக மூன்று நாள் பொலிஸில் இருந்துவிட்டு வந்தவன். அன்றிலிருந்து சீருடையைக் கண்டால் அவனுடைய கைகள் கேளாததையும் செய்யத் தொடங்கிவிடும். முதல் போத்தல் மண்ணைப் பேனையால் கிளறிப் பார்த்த சிப்பாய், ஒன்று போதும் என்று சிங்களத்தில் சொன்னான். விவேகானந்தன் நிறுத்தவில்லை. வெயிலில் மிளகாய் காயப்போட்டதுபோல மண் பரந்து கிடந்தது. சிப்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொல்லிக் கையை அசைத்தான். பிறகுதான் விவேகானந்தன் அதையெல்லாம் விரலால் வழித்துத் திரும்பப் போத்தல்களில் அடைத்தான்.

“ஏன் சேர் எல்லாத்தையும் கொட்டினீங்க?” வான் நகர்ந்ததும் சாரதி ஹபீல் கேட்டார். “ஒண்டு போதும்னு தானே அவன் சொன்னான்.”

விவேகானந்தன் எழுதவேண்டிய தாள்களை எடுத்தான். ஆய்வுகூடத்துப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வழியில் போத்தல்கள் திறக்கப்பட்டனவா? ஆம் என்று எழுதினால் எங்கே, யார், ஏன் என்று வளரும். இல்லை என்று எழுதினான். அடுத்த நாளே போய்ப் புது மண் எடுத்திருக்கலாம். ஒரு காலைப் பொழுது வேலை, அவ்வளவுதான். அதையும் செய்யவில்லை. அறிக்கையில் பெற்றோல் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம் கழித்துத் துரையிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. மூடியிருந்த கிணற்றைத் திறந்துவிட்டதாகவும், அதுவரை தண்ணீர் கொண்டுவந்த பவுசர் வண்டியை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமையே விவேகானந்தன் கலஹா பஸ்ஸில் ஏறினான். போய் என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்தும் ஒரு வசனம்கூட உருப்படியாக வரவில்லை.

கறுப்பையா அவனைக் கண்டதும் வாசலுக்கு ஓடிவந்தார். “வாங்க சார், வாங்க! ஒரு கடுதாசி போட்டிருந்தா ரோட்டுக்கே வந்திருப்பேனே.” உள்ளேயிருந்து உட்காரக் கதிரை வந்தது. கூடவே தேத்தண்ணியும் வந்தது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது இஞ்சி மூக்கைத் துளைத்தது.

“இஞ்சி கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும் சார்,” என்றாள் கறுப்பையாவின் மனைவி. “இப்ப லயத்துல எல்லா வீட்டுலயும் இப்படித்தான் போடுறோம். வாட தெரியாது பாருங்க.”

“வாடை இன்னும் இருக்கோ?”

“எங்களுக்கு வருது சார்,” என்றார் கறுப்பையா, ஏதோ தன்னுடைய பிழைபோல. “மிசின்ல பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல, சாரே கையெழுத்துப் போட்டிருக்காருன்னு தொர வாசிச்சுக் காட்டுனாரு. அதுக்கு மேல நாங்க என்னத்தச் சொல்றது? நம்ம மூக்குலதான் கோளாறுன்னு இருந்துட்டோம்.”

விவேகானந்தன் தேத்தண்ணியைக் குடிக்காமல் பிடித்திருந்தான். கண்ணாடித் தம்ளர் கையில் சுட்டது.

“உங்கட மூக்கில பிழையில்லை, கறுப்பையா. பிழை என்னிலதான்.” சாவடியையும் பத்திரிகைத் தாளையும் படிவத்தையும் ஒன்று விடாமல் சொன்னான். “பயந்து போனன். மண்ணில இருந்ததெல்லாம் அந்த வெயிலோட போயிட்டுது. துரை வாசிச்ச கடுதாசி பொய்.”

“ஒண்ணு போதும்னு அவன் சொல்லியுமா சார்?”

“ஓம்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டமாட்டாரா என்று ஏங்கினான் என்பதுதான் சரி. கறுப்பையா குனிந்து அவனுடைய கையிலிருந்த தம்ளரை மெதுவாக வாங்கினார்.

“நீங்க இதக் குடிக்காதீங்க சார்.”

தேத்தண்ணியை வாசல் கான் வாய்க்காலில் ஊற்றினார். பிறகு வீட்டுக்குள் போய்க் குடத்தைத் தூக்கிவந்து அதையும் கவிழ்த்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அதற்கடுத்த கதவையும் தட்டினார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் குடமும் சட்டியுமாக வெளியே வந்தார்கள். கறுப்பையா என்ன சொன்னார் என்று அவனுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் கான் நிரம்பிச் சரிவில் ஓடியது.

கடைசி வீட்டு வாசலில் ஒருத்தி, அப்போதுதான் கிணற்றிலிருந்து வந்தவள், இடுப்பில் நிறைகுடத்தோடு நின்றாள். கறுப்பையாவைப் பார்த்தாள். கதிரையில் இருந்தவனைப் பார்த்தாள். ஊற்றுவதா, உள்ளே கொண்டுபோவதா என்று தெரியாமல், குடத்தை இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.