மணற்காட்டில் ரிவேர்ஸ்

சட்டத்தரணி தனஞ்சயன் வாங்கிய ஃபோர் வீல் வாகனம் மலையேறும், ஆறு கடக்கும், பாலைவனம் தாண்டும் என்று விற்றவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் மலையும் பாலைவனமும் இல்லாமல் போனது வாகனத்தின் குற்றமல்ல. காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டிகளுக்குப் பின்னால் அது பசுப்போல ஊர்ந்து போய், பின்னேரம் அதேபோல ஊர்ந்து வந்தது.

அவர் மனைவி தாரிகா வங்கிக்குத் தன்னுடைய சின்னக் காரைத் தானே ஓட்டிப்போகிறவள். இந்த வாகனத்தை மட்டும் தொட விடமாட்டார்.

"இது உம்மட கைக்கு அடங்காது, தாரிகா."

அவள் மறுத்துப் பேசியதில்லை. வீட்டில் வழக்காடினால் வேறொரு நாளுக்குத் தவணைதான் கிடைக்கும், தீர்ப்புக் கிடைக்காது என்பதைக் கலியாணமான புதிதிலேயே கண்டுகொண்டவள்.

சும்மா கிடந்த வினையை ஒரு புத்தகம் கிளப்பிவிட்டது. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒஸ்வால்ட் என்ற ஓய்வுபெற்ற கப்பல் கம்பனி அதிகாரி எழுதிய வழிகாட்டி நூல் அது. நாட்டில் மனிதர் போகாத காட்டுப் பாதைகள், மணல் பாதைகள் எல்லாம் அதில் இருந்தன. தனஞ்சயன் அதைச் சட்டப் புத்தகம்போல மஞ்சள் கோடு போட்டு வாசித்தார். 'நமக்கும் ஒரு பாலைவனம்' என்ற அத்தியாயத்தை மட்டும் சாப்பாட்டு மேசையில் மூன்று இரவு உரக்க வாசித்தார். வடமராட்சி கிழக்கில் உள்ள மணற்காடு. அங்கே மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பாதை போகிறதாம். ஓர் ஈ காக்கையைக்கூடக் காணமுடியாதாம்.

"மணற்காட்டுக்குக் கிட்டத்தான் எங்கட பெரியம்மா வீடு இருக்கு. மத்தியானம் நண்டுக்கறியோட சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றாள் தாரிகா.

"நாங்கள் விருந்துக்குப் போகேல்ல. எக்ஸ்பெடிஷன் போறம்."

பெரியம்மா கூப்பிடுகிற தூரத்தில் இருக்க, ஆள் நடமாட்டமில்லாத பாலைவனத்தை ஆராயப் புறப்பட்டது அந்தக் குடும்பம். பின்னாசனத்தில் மகள் நிருஷா காதில் ஏதோ செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பதினைந்து வயதில் எந்தப் பாலைவனமும் அப்படித்தான் தெரியும்.

மணற்காட்டுக்கு வந்து தார் றோட்டைவிட்டு இறங்கியதும் தனஞ்சயன் புத்தகத்தைத் தாரிகாவின் மடியில் போட்டார்.

"அடுத்தது என்ன எழுதியிருக்கு? வாசியும்."

"'சவுக்குத் தோப்புக்கு வலப்பக்கமாகத் திரும்பவும். மணல் இங்கே கெட்டியாக இருக்கும்.'"

சவுக்குத் தோப்பு இருந்தது. வலப்பக்கமும் இருந்தது. கெட்டியான மணல்தான் இல்லை. வாகனம் கொஞ்சத் தூரம் தள்ளாடிப் போய் நின்றது. தனஞ்சயன் அக்சிலரேட்டரை மிதித்தார். சக்கரங்கள் நாய் குழி தோண்டுகிற மாதிரி மணலை வாரி எறிந்தன. இன்னும் பலமாக மிதித்தார். குழி இன்னும் பலமாகியது.

"கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் பாருங்கோவன். வந்த தடம் இறுகிக் கிடக்கு."

"புத்தகத்தில பின்னுக்கு எடுக்கச் சொல்லி எங்கயும் இல்லை."

புதுக்கடையில் தனஞ்சயன் ஒரு நாளும் பின்வாங்கியதில்லை. தோற்றிருக்கிறார், பின்வாங்கியதில்லை.

இறங்கிப் பார்த்தார்கள். மேட்டுக்கு அப்பால் பழைய ஜீப் ஒன்று வயிறுவரை புதைந்து கிடந்தது. அதன் நிழலில் தொப்பி போட்ட வயதான ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தார். தனஞ்சயன் அவர் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்தார்.

"சேர்... நீங்க மிஸ்டர் ஒஸ்வால்டா?"

"ஆமாங்க. புத்தகம் வாங்கினீங்களா? ரொம்பச் சந்தோஷம்" என்று எழுந்து கைகொடுத்தார் அவர். "ரெண்டாம் பதிப்புக்காக இந்தப் பாதைய ஒருக்கா நேர்ல பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

"ஒருக்கா நேரிலயா?" என்றாள் தாரிகா. "அப்ப முதல் பதிப்பு?"

"அது கூகிள் மெப்ல பாத்து எழுதினது மேடம். மேலயிருந்து பாத்தா மணல் நல்லாக் கெட்டியாத்தான் தெரிஞ்சிச்சு."

நிருஷா காதில் இருந்ததைக் கழற்றினாள். அன்றைக்கு அவள் கழற்றியது அதுதான் முதல் தடவை. தனஞ்சயனோ பக்தி குறையாமல் புத்தகத்தை நீட்டி ஒரு கையெழுத்து வாங்கினார்.

ஆசிரியரும் வாசகரும் டயரில் எவ்வளவு காற்றை இறக்கலாம் என்று ஆராயத் தொடங்கினார்கள். தாரிகா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு போய்ச் சக்கரங்களுக்குப் பின்னால் இருந்த மணலைக் கையால் வழித்துவிட்டு, சாரதி ஆசனத்தில் ஏறினாள். நிருஷாவும் ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"என்ன செய்யிறீர்? இறங்கும்!" என்று தனஞ்சயன் கத்தினார்.

"முன்னுக்கு நிண்டு தள்ளுங்கோ."

வழக்கறிஞரும் எழுத்தாளரும் வாகனத்தின் மூக்கில் தோளைக் கொடுத்தார்கள். தாரிகா ரிவேர்ஸ் கியரைப் போட்டு மெல்ல, மிக மெல்ல மிதித்தாள். வாகனம் ஒருமுறை பெருமூச்சுவிட்டுக் குழியைவிட்டு ஏறியது. தள்ளிய இருவரும் மணலில் குப்புற விழுந்தார்கள்.

"நிப்பாட்டும்! நான் ஏறோணும்!"

நிற்பாட்டினால் மறுபடி புதையும் என்பது தாரிகாவுக்குத் தெரியும். நிற்பாட்டவும் மனமில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தான் வந்த தடத்திலேயே பின்னால் பார்த்தபடி ஓட்டினாள்.

"அம்மா, அப்பா ஓடி வாறார்."

"எவ்வளவு தூரத்தில?"

"சின்னனாகிக்கொண்டு போறார்."

தாரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. வங்கியில் சிரிக்கிற சிரிப்பல்ல, வயிற்றிலிருந்து வந்தது. அவளால் அடக்க முடியவில்லை. மகளும் சேர்ந்துகொண்டாள். தார் றோட்டில் ஏறி நின்றபோது இருவருக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கனமான வாகனம் அவள் கைக்குள் பூனைக்குட்டியாக அடங்கிக் கிடந்தது.

ஆண்கள் இருவரும் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்துசேர வெகுநேரமாயிற்று. தாரிகா தொலைபேசியில் கூப்பிட, பெரியம்மாவின் மகன் உழவு இயந்திரம் கொண்டுவந்து ஜீப்பை இழுத்தான். எக்ஸ்பெடிஷன் நண்டுக்கறியில் முடிந்தது. ஒஸ்வால்ட் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

கொழும்புக்குத் திரும்பியதும் கீழ்வீட்டு ராசிக்குக்குத் தனஞ்சயன் நடந்ததை விளக்கினார். "நான் தள்ளின தள்ளில வாகனம் றோட்டிலதான் போய் நிண்டது, ராசிக்." ராசிக் தாரிகாவைப் பார்த்தார். தாரிகா பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

திங்கட்கிழமை காலை தனஞ்சயன் ஃபோர் வீலின் திறப்பைத் தேடினார். தாரிகா அதற்குள் அதன் சாரதி ஆசனத்தில் இருந்து என்ஜினை இயக்கியிருந்தாள்.

"ஏறுங்கோ. உங்களைப் புதுக்கடையில இறக்கிவிட்டிட்டு நான் வங்கிக்குப் போறன்."

தனஞ்சயன் ஆட்சேபிக்க வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தில் ஏறினார். பம்பலப்பிட்டி தாண்டும்வரை எந்த லேனில் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் வேறு லேனில் போனாள்.