பட்டப்பகலில் ஒரு டார்ச்

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து தாயாரம்மாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் என்ன செய்வாள்? மணியடித்தால் அவளுக்குக் கேட்காது. யாராவது கூப்பிட்டால் போனின் முதுகில் இருக்கிற டார்ச் பளிச் பளிச்சென்று மின்னும். அதைப் பார்த்துத்தான் எடுப்பாள். அந்த வெளிச்சம் இரண்டு நாளாக வரவில்லை.

பிறவியிலேயே கெட்ட காது அல்ல, கண்ணுகளா. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் பிரஸ் மிஷின்களுக்கு நடுவே கூட்டிப் பெருக்கினாள். தகட்டின் மேல் அச்சு இறங்குகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. வைப்ரேஷனில் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அதுவும் பலிக்கவில்லை. அந்தத் தரையின் நடுக்கம் அவள் உடம்பிலேயே தங்கிவிட்டது. இடுப்பில் துடிப்பது போனா, பழைய மிஷினா என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமையோடு அந்த வேலையை விட்டாள். பென்னலூரில், கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் போர்வை துவைத்து மடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். வார்டன் எவாஞ்சலின் நேரில் பார்த்து, ஒன்றே ஒன்று சொன்னார்.

"அஞ்சு மாடிம்மா. எந்த மாடியிலேர்ந்தும் போன் பண்ணுவோம். பண்ணா ஒடனே எடுக்கணும். திங்கக்கெழம கூப்புடறேன்."

எதிரில் உட்கார்ந்து பேசியதால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். காதைப் பற்றி மூச்சு விடவில்லை. வெளிச்சம் இருக்கும்போது என்ன பயம்?

இப்போது வெளிச்சம் இல்லை.

பத்து மணி வாக்கில் பக்கத்து ரூம் இசைவாணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் ஒரு போன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். தாயாரம்மாளுக்கு வெளிச்சம் மின்னும்படி போனில் வைத்துக் கொடுத்ததே அவள்தான். முகத்துக்கு நேராக வந்து கத்தினாள்.

"அத்த! எட்டு மணிக்கு ரெண்டு தபா அடிச்சுது உன் போனு. செவுரு வழியா எனக்கே கேக்குது. தூக்கமே போச்சு!"

எட்டு மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது மட்டும் போனை வைத்துவிட்டுப் போயிருந்தாள். பார்த்தால் வார்டன் நம்பர்.

"நான் வேணா பண்ணிப் பேசட்டா?" என்றாள் இசைவாணி.

"வாணாம்டி. ஏன் நீயே பேசலன்னு கேப்பாங்க. இப்ப எடுத்துட்டாலும், அங்க போயி தெனம் எப்பிடி எடுப்பேன்? மொதல்ல இந்த லைட்டுக்கு இன்னா வந்துச்சுன்னு பாரு."

இசைவாணிக்கு இதுதான் வேலையே. ஒரு ஷிஃப்ட்டுக்கு ஆயிரம் போனின் டார்ச்சைப் போட்டுப் பார்க்கிறவள். சார்ஜ் பார்த்தாள், பாதிக்கு மேல் இருந்தது. அணைத்துப் போட்டாள். பேட்டரி சேவரை நிறுத்தினாள். உறையைக் கழற்றி, கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். திரையில் டார்ச் படம் சாம்பல் பூத்தாற்போல் கிடந்தது. அழுத்தினால் அழுந்தவே இல்லை.

"இன்னாடி?"

"தெர்ல அத்த."

"தெர்லயா? தெனம் இதத்தான பாக்கற?"

"எரிஞ்சா பச்ச, எரியலன்னா சேப்பு ஸ்டிக்கர். ஒட்டித் தள்ளிட்டு அடுத்தத எடுப்பேன். ஏன் எரியலன்னு பாக்கறதுக்கு வேற லைன் கீது."

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொருளைப்போல் போனைத் தூக்கிக்கொண்டு, தாயாரம்மாள் ஒரகடம் கூட்டுரோட்டில் இருந்த ஃபிரடியின் போன் கடைக்குப் போனாள்.

"இன்னாம்மா, வெயிலு மண்டையப் பொளக்குது. டார்ச்சு இன்னாத்துக்கு?" என்றான் ஃபிரடி.

"எனக்கு வேணும். நீ பாரு."

ஒரு ஊசியால் குத்திப் பார்த்தான். விளக்கு போய்விட்டது என்றான். பிறகு, விளக்கு இல்லை, உள்ளே போர்டு என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவைத் திறந்தான். அதுவும் திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"அட்மின் பூட்டி வெச்சிகிறாரும்மா."

"யாரு, அட்மின் ஆபீஸ் புருஷோத்தமன் சாரா? அவரு தங்கமான மனுசனாச்சே! எனக்குத் தீபாவளிக்கி ஸ்வீட் பாக்ஸெல்லாம் குடுத்தாரே!"

"அய்ய, ஆளு இல்லம்மா. ஒங்க கம்பெனில போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ஒரு ஆப் போட்டுக் குடுத்தாங்கல்ல? உள்ள போவசொல்ல கேட்ல ஸ்கேன் பண்ணா கேமரா பூட்டிக்கும். இந்த மாடல்ல டார்ச்சும் சேந்து பூட்டிக்கும். வெளிய வரசொல்ல திரும்ப ஸ்கேன் பண்ணாத்தான் தெறக்கும். கடசி நாளு பண்ணியா?"

தாயாரம்மாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை மாலை யூனிஃபார்மையும் ஐடி கார்டையும் கான்ட்ராக்டர் ஆபீஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அது லாரி கேட்டை ஒட்டி இருக்கிறது. கொடுத்துவிட்டு, நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வழியாகவே வந்துவிட்டாள். ஸ்கேன் மெயின் கேட்டில்தான்.

"பண்ணலியேப்பா."

"அப்ப கம்பெனி கணக்குல ஒன் போனு இன்னும் உள்ளதான் கீது."

"இதோ கையில கீதே!"

"கையிலதான் கீது. ஆனா உள்ள கீது."

அவளுக்குத் தலை சுற்றியது. "அந்த ஆப்ப அழிச்சுடேன்."

"கம்பெனி பாஸ்வேர்டு கேக்குது. நீ அங்கயே போ."

ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் குழம்பிக்கொண்டே போனாள். வேலையை விட்டது நான், போன் விடவில்லை என்றால் அதற்கு யாரிடம் கணக்குத் தீர்ப்பது? போட்ட பூட்டைத் திறப்பதற்குக்கூட ஐடி கார்டு வேண்டுமோ?

மெயின் கேட்டில் புது செக்யூரிட்டி நின்றிருந்தான். சுடலைக்கண்ணு என்று சட்டையில் எழுதியிருந்தது. பேச்சு திருநெல்வேலிப் பக்கம். மீசை உதட்டை மூடியிருந்ததால் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லவைத்தாள்.

"உள்ள விட முடியாதுக்கா. லிஸ்ட்ல உங்க பேரு இல்ல."

"நான் வரலப்பா. என் போன வெளிய வுடு."

"போனு உங்க கையிலல்லா இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல!"

ஃபிரடி சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். சுடலைக்கண்ணு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவுட் ஸ்கேன் அட்டை ஒட்டியிருப்பது செக்யூரிட்டி ரூமுக்குள். ஆளை விட்டால் அவன் வேலை போய்விடும்.

"ஆளு உள்ள வரதுக்குத்தான பாஸ் வேணும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "போனு ஏற்கெனவே உள்ளதான இருக்கு. அது வெளிய போறதுக்கு என்ன பாஸு? கொண்டாங்க."

ஆப்பைத் திறந்து கொடுத்தாள். அவன் ரூமுக்குள் போனான். சற்று நேரத்தில், கொதிக்கிற சட்டியைத் தூக்கி வருகிறவன்போல் போனை எட்டப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"யக்கா! போனு வருது, நான் வேற எதையோ அமுக்கிட்டேன் போல. லைட்டு வெட்டி வெட்டி அடிக்கி! அணைய மாட்டேங்கு!"

வெளிச்சம்! பளிச், பளிச். வெயிலிலும் தெரிந்தது. வார்டன் கூப்பிடுகிறார்.

பிடுங்கிக் காதில் வைத்தாள். பின்னாலேயே கார் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாகத் திரும்பின. யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"சரிங்க மேடம்," என்றாள். மறுபடியும் ஏதோ கேட்டது. "சரிங்க மேடம்."

மூன்றாவது 'சரி'க்கு முன் நிறுத்திக்கொண்டாள். எதற்குச் சரி சொல்கிறோம்? நாளைக்கு எந்த மாடியிலிருந்து என்ன சொன்னாலும் இப்படித்தானே சொல்லப் போகிறோம்?

"மேடம், எனக்குக் காது கேக்காது," என்று கத்தினாள். "லைட்டு மின்னுனாத்தான் போன் வர்றது தெரியும். அன்னிக்கி ஒங்க வாயப் பாத்துப் புரிஞ்சிக்கினேன். இப்ப சொன்னது ஒண்ணும் புரியல, சும்மா சரின்னேன். இங்க ஒரு தம்பி கீறாரு, அவராண்ட சொல்லுங்க."

போனை நீட்டினாள். சுடலைக்கண்ணு திகைத்துப்போய் வாங்கினான். வெகுநேரம் கேட்டான். ஒரு தரம் தலையாட்டினான், ஒரு தரம் உதட்டைப் பிதுக்கினான். அந்த மீசையிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. திடீரென்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எட்டு விரலைக் காட்டினான்.

எட்டு நாள் கழித்தா? எட்டு பேர் வரிசையில் இருக்கிறார்களா?

பேசி முடித்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, மீசையை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "நாளைக்கிக் காலையில எட்டு மணிக்கு வேலைக்கு வரணுமாம். காதப் பத்தி அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கோவப்பட்டாவ. மாடியில இருந்து இனி கூப்பிட மாட்டாவளாம். எழுதித்தான் அனுப்புவாவளாம்."

தாயாரம்மாள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். உடனே அடுத்த சந்தேகம் வந்தது.

"எழுதி அனுப்புனா லைட்டு மின்னுமா?"

சுடலைக்கண்ணு விழித்தான். "அது எனக்குத் தெரியாதேக்கா. உங்க நம்பரச் சொல்லுங்க."

அவள் சொன்ன நம்பரைத் தன் போனில் முதல் தரம் தப்பாகப் போட்டு, இரண்டாம் தரம் சரியாகப் போட்டான். பிறகு இருவரும் குனிந்து, உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, அவள் போனின் முதுகையே பார்த்தார்கள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். ஒரு டிக்குதான் விழுந்திருக்கு, இன்னும் வந்து சேரல. பொறுங்க."