குதிரைக் காலின் மரியாதை

க்ரோனிங்கன் பக்கம் நாற்பது வருஷம் மாடு கறந்தவள் ஹில்லகீன். மாடுகளை விற்றுவிட்டுக் கைக்கு வேலையில்லாமல் நின்ற வசந்தத்தில், பக்கத்துப் பண்ணை ஹார்ம் வீட்டுக் கறுப்புக் குதிரை லீஸ்பெத் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி அவள் தோளை முகர்ந்தது. அவ்வளவுதான், மனசு போய்விட்டது. வாங்கினால் இவளைத்தான் வாங்குவது என்று முடிவு.

ஆனால் ஹார்ம் லேசுப்பட்டவர் இல்லை. அந்த ஊர்ப் பேச்சில் காலுக்கு இரண்டு சொல், கண்ணுகளா. மனுஷர் கால் ‘பேய்ன்’. மாடு, நாய், கோழி, ஏன், மேசைக்கால்கூட ‘போட்’. நாலு கால் பிராணிகளில் குதிரைக்கு மட்டும் மனுஷச் சொல். அது கௌரவப் பிறவி. லீஸ்பெத்தை வாங்க வந்து, அவள் காலை ‘போட்’ என்ற மூன்று பேரை ஹார்ம் வந்த வழியே அனுப்பியிருந்தார்.

ஹில்லகீன் வாயிலோ மாட்டுப் பேச்சு ஊறிக் கிடந்தது. ஒரு வாரம் உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் ‘பேய்ன், பேய்ன்’ என்று உருப்போட்டுவிட்டு, சனிக்கிழமை போனாள்.

“எப்படி இருக்கா எம் பொண்ணு?” என்றார் ஹார்ம், குதிரையின் கழுத்தைத் தட்டியபடி.

“முன்... பேய்ன் ரெண்டும் தூண் மாதிரிங்க.”

“மாட்டுக்காரி தேறிட்டா!” என்றாள் காப்பியோடு வந்த அவர் மனைவி த்ரைன்.

அப்போது ஈ கடித்ததோ என்னவோ, லீஸ்பெத் நகர்ந்து ஹார்மின் பாதத்தின் மேலேயே ஏறி நின்றது. “ஐயோ!” என்று அலறினார் அவர். ஹில்லகீன் யோசிக்கவில்லை. தோளால் குதிரையை முட்டித் தள்ளினாள்.

“பேய்னைத் தூக்குடி தங்கம்! யோவ், உன் போட்டை இழுய்யா!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. போச்சு, குதிரை போச்சு. ஹார்ம் ஒற்றைக் காலில் நின்று அவளையே முறைத்தார். த்ரைன் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

“முப்பது வருஷமா நான் சொல்ல நினைச்சதை ஒரு நிமிஷத்துல சொல்லிட்டா, ஹார்ம்!”

“அவசரத்துலயும் என் பொண்ணுக்கு மரியாதை குறையல,” என்றார் ஹார்ம் மெல்ல. “எனக்குத்தான் வசவு. மொதல்ல அவ, அப்புறம்தான் நான். வரிசை சரிதான். கூட்டிட்டுப் போம்மா.” லீஸ்பெத்தின் கயிற்றை அவள் கையில் திணித்தார்.

பெண்கள் இருவரும் ஆளுக்கொரு தோள் கொடுத்து அவரைக் காப்பிக்கு நடத்திப் போனார்கள். கயிற்றை விட ஹில்லகீனுக்கு மனசில்லை. லீஸ்பெத்தும் அடுப்படி வாசல்வரை கூடவே வந்தது.