கலங்கரை விளக்கக்காரர் காப்பியை ஏன் ஆற்றினார்?

1

இந்தக் கதை ஓர் ஆட்சேபத்திலிருந்து பிறந்தது. ஏதோ ஒரு விடியற்காலையில் மனதுக்குள் ஒளி அடித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. செவ்வாய்க்கிழமை மத்தியானம், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. நான் எழுதிய ஒரு கேள்விக்கு நானே சொன்ன விடை தப்பு என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மின்ஹாஜ். மதுரையில் காஜிமார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் மாடி வீடு. தமிழில் கதை எழுதுகிறேன், அதை அச்சடித்தவரும் நானும் படிக்கிறோம். சோற்றுக்கு, எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றுக்கு ஆங்கிலப் பத்திகள் எழுதித் தருகிறேன். அந்தத் தேர்வில் வெர்பல் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பக்கத்துக்குப் பத்தி, கீழே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியாகச் சொன்னால் மூன்று மார்க், தப்பானால் கையிலிருப்பதில் ஒன்று போகும். பவளப்பாறை, பழைய பிரான்சின் உப்பு வரி, தேனீக்களின் நடனம் என்று பிள்ளைகள் வாழ்க்கையில் எட்டிக்கூடப் பார்க்காத விஷயமாகத் தேடி எழுத வேண்டும். அவற்றை நூற்றுக்கணக்கான பேர் வரி வரியாக, திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். என் கதைகளுக்கு அந்த யோகம் வாய்த்ததில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

பழங்காநத்தத்தில் ஒரு பெண்கள் விடுதியின் மொட்டைமாடியில், காயப்போட்ட சுடிதார்களுக்கு நடுவில், தமிழ்வாணி மடிக்கணினியைத் திறந்து

(விட்டுவிட்டேன். அந்த மொட்டைமாடியை நான் பார்த்ததில்லை. அவளையும் பார்த்ததில்லை.)

இரண்டாம் முயற்சி:

எழுமலையில் மொக்கைச்சாமியின் மகள் என்றால்

(என்றால் என்ன? எனக்குத் தெரியாது. காய்ந்த நிலம், கிழிந்த புத்தகப் பை, அணையாத லட்சியம் என்று கை தானாகப் போகிறது. கையைத் தட்டிவிட்டேன். அவள் அனுப்பிய வரிகளில் லட்சியம் எதுவும் இல்லை. கோபம் இருந்தது, கொஞ்சம் நக்கலும் இருந்தது.)

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த மின்னஞ்சலை அனுப்பியவள் பெயர் தமிழ்வாணி, ஊர் எழுமலை. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, பழங்காநத்தத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இவ்வளவும் நிலையத்தை நடத்தும் பீமாராவ் சொன்னது. மற்றபடி, அவள் யாரிடம் பேசுவாள், சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அறையில் என்ன செய்வாள் என்பதெல்லாம் நானாக நினைத்துக்கொள்வது. தனியாக இருக்கிறவனுக்கு இன்னொருவரும் தனியாக இருப்பதாக நினைத்துக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

3

அந்தப் பத்தி இதுதான். ஆங்கிலத்தில் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

நார்வேயின் வடகோடியில் ஒரு கலங்கரை விளக்கம். விளக்கு தானாக எரியும் காலம் வந்துவிட்டது, ஆனாலும் ஒரு காவலரை வைத்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் அவர் இரண்டு கோப்பைக் காப்பி போடுகிறார். முதல் கோப்பையை நின்றபடியே குடிக்கிறார். இரண்டாவதை இன்னொரு காலிக் கோப்பையில் ஊற்றி, உயரத் தூக்கித் திரும்ப இதில் ஊற்றி, நாலைந்து தடவை ஆற்றி, மேசைமேல் வைக்கிறார். இருட்டியபின் அதை ஜன்னல் வழியாகக் கடலில் கொட்டிவிடுகிறார். அதன்பிறகு பத்தி வேறெங்கோ போகிறது. இயந்திரம் வந்தபின் மனிதரின் வேலைக்கு என்ன பொருள் என்று மூன்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள்.

கேள்வி பதினாலு: காவலர் இரண்டாவது கோப்பையைத் தயார் செய்வது ஏன்? 'பழக்கத்தால்' என்பது நான் குறித்த விடை. 'யாரையோ எதிர்பார்த்து' என்பது ஏமாற்றுவதற்காக நான் வைத்த விடை. இளகிய மனசுக்காரர்கள் போய் விழட்டும் என்று எல்லாக் கேள்வியிலும் இப்படி ஒரு குழி வெட்டி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்.

(இந்தக் காவலர் எனக்கு எங்கிருந்து கிடைத்தார் என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்களும் குழியில் விழுவீர்கள்.)

4

நிலையத்தின் மாதிரித் தேர்வில் ஒரு விடை தப்பென்று தோன்றினால் ஆட்சேபம் அனுப்பலாம், அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது விதி. அவள் தமிழில் எழுதியிருந்தாள்.

"சார், கேள்வி பதினாலு. அவரு மொத கப்ப அப்படியே குடிக்கிறாரு. ரெண்டாவது கப்ப மட்டும் ஆத்துறாரு. தனக்குன்னா யாரும் மெனக்கெட்டு ஆத்த மாட்டாங்க சார், ஊதி ஊதிக் குடிச்சிருவாங்க. டீக்கடையில ஆத்துறதச் சொல்லல, வீட்ல சொல்றேன். எங்க அப்பா அவரு டீயக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பாரு. எங்க அம்மா வேலை முடிஞ்சு வர்ற சத்தம் கேட்டாத்தான் இன்னொரு டம்ளர எடுத்து ஆத்துவாரு. வந்ததும் வாய் சுடாமக் குடிக்கணும்ல? நார்வேல அம்புட்டுக் குளுரு. சும்மா வச்சாலே ஆறிப்போயிரும். அங்கயும் ஒரு மனுசன் ஆத்துறாருன்னா யாரோ வர்றாங்கன்னு நெனைக்கிறாரு. இது பழக்கம் கெடையாது. எனக்கு மூணு மார்க் குடுங்க. அப்பறம், நீங்க மதுரையா சார்?"

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

முதலில் சிரித்தேன். நார்வேயில் எவன் காப்பியை ஆற்றுவான்? பனிக்கட்டி மிதக்கும் கடலோரத்தில் ஒரு வெள்ளைக்காரரை நிற்கவைத்து, மதுரைக்காரன் மாதிரி உயரத் தூக்கி ஆற்ற விட்டிருக்கிறேன். எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. தில்லியில் ஒருவர் இந்தப் பத்தியைச் சரிபார்த்து, அரைப்புள்ளி ஒன்றைத் திருத்தி அனுப்பினார். அவருக்கும் உறைக்கவில்லை. எழுமலைக்காரி கண்ணில்தான் பட்டது.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சாதத்தை மூடிவைத்துவிட்டேன்.

5

புதன்கிழமை பீமாராவ் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த ஆட்சேபம் என்னாச்சு? ஒண்ணு ஏத்துக்கங்க, இல்ல தள்ளிவிடுங்க. நாளைக்கு ரேங்க் போடணும்."

"புள்ள சொல்றது சரி பீமா."

"சரின்னா? பத்தியில இருக்கா?"

"இருக்கு. ஆனா நம்ம ஊர்க்காரங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

"அப்ப இல்லைன்னுதான் அர்த்தம்." அதோடு விடவில்லை: "அண்ணே, அது கணக்குல புலி. வெர்பல்லதான் ரெண்டு வருசமாத் தட்டுது. ஏன்னு ஒக்காந்து பாத்தேன். எந்தப் பத்தியக் குடுத்தாலும் அதுல இருக்குற ஆள நெனச்சுக் கவலப்பட ஆரம்பிச்சிருது. தேனீயப் பத்திக் குடுத்தாக்கூட தேனீ பாவம்ங்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா அடுத்த தடவை கெடையாதுன்னு வீட்ல சொல்லிட்டாகளாம். இப்ப நீங்க மூணு மார்க்கத் தூக்கிக் குடுத்தா, நவம்பர்ல நெசப் பரீட்சைக்குப் போயும் இதையேதான் செய்யும். அங்க எந்த மதுரைக்காரன்ணே ஒக்காந்து பத்தி எழுதுறான்?"

'பத்திக்குள் இருப்பதை மட்டும் படி. உனக்குத் தெரிந்ததை வெளியிலிருந்து கொண்டுவராதே' என்று அந்த நிலையத்தின் பயிற்சிப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவன் நான்தான்.

(அந்த விதிப்படி பார்த்தால் இந்தக் கதையை எழுதவே எனக்கு உரிமை இல்லை. பத்து வரி ஆட்சேபத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு அறை, மொட்டைமாடி, சாயங்காலம் எல்லாம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். என் விடைத்தாளை யாராவது திருத்தினால் பூஜ்யம்தான்.)

ஆக, ஏற்றுக்கொண்டால் அவளைக் கெடுக்கிறேன். தள்ளிவிட்டால், இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒன்றை உள்ளபடியே படித்த ஒரே ஆளிடம், நீ படித்தது தப்பு என்று பொய் சொல்கிறேன்.

6

அது ஏன் பொய் என்று சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். முதலில் ஃபர்ஹாவுக்கு வேறு பெயர் வைத்தேன், அடுத்து அவளை வெளிநாட்டுக்கு அனுப்பினேன், அதற்கடுத்து அவளைச் சாகடித்தும் பார்த்தேன். கதைக்கு அதுதான் வசதி. பத்தி முடித்தவுடன் பயமாகிவிட்டது, அழித்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

ஃபர்ஹா என் மனைவி. வில்லாபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால், உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். அவள் அம்மா, சுல்தான் பீவி மாமி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, பார்த்துக்கொள்ளப் போனாள். மாமி இப்போது மாடிப்படி ஏறி வடாம் காயப்போடுகிறார். ஃபர்ஹா வரவில்லை.

சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிறோம்.

"சாப்ட்டீங்களா?"

"ம். மாமி?"

"நல்லாருக்காங்க. வேறென்ன?"

"வேற ஒண்ணுமில்ல."

எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். சாயங்காலம் டீ போடும்போது கை இரண்டு டம்ளரை எடுக்கிறது. அவளுக்கு நாக்கு சீக்கிரம் சுடும், அதனால் அவளுடையதை ஆற்றி வைப்பேன். பிறகு கொட்டிவிடுவேன். பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பித்தான் நார்வேக்காரருக்கும் அதே விடையைக் குறித்தேன்.

எனக்குத் தனிமையாக இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு கலங்கரை விளக்கமும் மூன்று அறிஞர்களும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

7

முடிவு, முதல் வகை: ஆட்சேபத்தை ஏற்கிறேன். மூன்று மார்க் ஏறுகிறது. தமிழ்வாணி நவம்பரில் தேர்வு அறையில் உட்கார்ந்து, யாரோ ஊர் பேர் தெரியாதவர் எழுதிய பத்தியில் இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டு

(வேண்டாம்.)

இரண்டாம் வகை: தள்ளிவிடுகிறேன். 'பத்தியில் ஆதாரம் இல்லை.' அவள் ஒருநாளும் யாருக்கும் டீ ஆற்றாத

(இதுவும் வேண்டாம். சினிமாவாக இருக்கிறது.)

வியாழக்கிழமை காலையில் உண்மையில் அனுப்பியது இது:

"தமிழ்வாணி, உங்கள் ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. தேர்வில் பத்தி எழுதுகிறவருக்கு ஆற்றுவதென்றால் என்னவென்று தெரிந்திருக்காது. நவம்பர் வரைக்கும் அப்பாவின் டம்ளரை ஓரமாக எடுத்து வையுங்கள், தேர்வு முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் கிடையாது. ஆனால் நீங்கள் படித்ததுதான் சரி, நான் குறித்த விடைதான் தப்பு. அவர் காத்திருக்கிறார். ஆமாம், மதுரைதான்."

ஆட்சேபத்துக்கு இப்படியெல்லாம் பதில் எழுதும் வழக்கம் இல்லை. பீமாராவ் பார்த்தால் திட்டுவார். சாயங்காலம் அவளிடமிருந்து பதில் வந்தது.

"சரிங்க சார். மார்க்கு போனாப் போகுது. நவம்பர்ல பாத்துக்கிறேன். கடைசியா ஒண்ணு கேட்டிருந்தேனே, அதுக்குப் பதில் சொல்லலையே?"

கதையில் இதோடு அவள் வேலை முடிந்தது. தேர்வில் என்ன வாங்குவாள் என்று எனக்குத் தெரியாது, இட்டுக்கட்டவும் மாட்டேன். நன்றாக எழுதட்டும்.

நான் கடைசிக்கு வைத்திருந்த வரி இது: "அவரு யாருக்காகக் காத்திருக்காரோ, அவங்களுக்கு அது தெரியுமா சார்? பத்தியில இல்ல, அதான் கேட்டேன்."

இதை எழுதும்போது மணி ஐந்தரை. டீ போட்டாகிவிட்டது. என் டம்ளரைக் குடித்துவிட்டேன். இன்னொன்றை இங்கே ஆற்றவில்லை. ஆவி பறக்க அப்படியே ஃபிளாஸ்கில் ஊற்றி மூடியைத் திருகி வைத்திருக்கிறேன். சட்டை மாற்றிவிட்டேன். செருப்பைக் காணவில்லை, தேட வேண்டும்.

வில்லாபுரத்தில் கதவைத் தட்டினேனா, அங்கே யார் திறந்தார்கள், ஃபிளாஸ்கைப் பார்த்து அவள் என்ன கேட்டாள் என்பதெல்லாம் இந்தப் பத்தியில் இல்லை. வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது என்று எழுதியவன், இந்த ஒரு தடவை மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யார் யாருக்கு ஆற்றிக்கொடுப்பார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து எடுத்துவந்து மீதியை எழுதி அனுப்புங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.